கொழுக்கியில் தொங்கிய மைக்

மகனே,

இந்தக் கடிதத்தை உன் கையில் மட்டும் தராமல், நம் ஹாம் ரேடியோக் குழுவில் இருக்கிற பதினொரு பேருக்கும் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு நடந்த கூட்டத்துக்கு மாவட்டத்திலிருந்து வந்தாரே ஒரு உத்தியோகத்தர், அவருக்கும் ஒன்று போகிறது. அதற்காக நீ கோபப்படுவாய். படு. வருகிற புதன்கிழமை நீ தாலி கட்டி, நம் பக்கத்து வழக்கப்படி சாமான்களையும் கட்டிக்கொண்டு பழுகாமத்தில் பெண் வீட்டில் குடியேறப் போகிறாய். அந்தச் சாமான்களோடு ஒரு கெட்ட பெயரையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறாய். ஒரு மைக்கை ஒழுங்காக வயர் பண்ணத் தெரியாமல் ஒரு தாயையும் பிள்ளையையும் சாகக் கொடுக்கப் பார்த்தவன் என்கிற பெயர். அது உன்னுடையதில்லை, என்னுடையது. அதைத் திருப்பி வாங்கத்தான் எழுதுகிறேன். இடையிடையே புத்திமதியும் சொல்வேன். தகப்பன் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இல்லையென்றால் தபால்காரனே சிரிப்பான்.

என்னைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். வாய்க்கொழுப்புப் பிடித்த மனிசன். உண்மைதான். முப்பது வருடம் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவனுக்கு மனிதர்கள் மேல் மரியாதை வருவது கஷ்டம். ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து “தானாத்தான் நிண்டது அண்ணன், நாங்க ஒண்டும் செய்யல்ல” என்பான். திறந்து பார்த்தால் உள்ளே எறும்புக் கூடும், பிள்ளை போட்ட புளியங்கொட்டையும் இருக்கும். யுத்த காலத்தில், தனியாள் வீட்டிலிருந்து ரேடியோவில் பேசுகிறதுக்கான ஹாம் லைசென்ஸ் என்ற சொல்லையே இந்தக் கல்லடியில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. எல்லாம் ஓய்ந்த பிறகு, தலை நரைத்துத்தான் நான் பரீட்சை எழுதினேன். என்னோடு எழுதியவர்களைப் பார்த்தேன். கடையில் விற்கிறதில் விலை கூடிய பெட்டியை வாங்குவான், கூரையில் அன்ரனா கட்டுவான், அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போடுவான். மூடியைக் கழற்றச் சொன்னால் ஸ்குரூ டிறைவரைக் கத்தி மாதிரிப் பிடிப்பான். இவர்களைப் பார்த்து நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க, நான் ஏதோ பெரிய ஆள் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த நம்பிக்கைக்குச் சாமான் சேர்த்தவை கொம்பனி மைக்குகள். சுனாமிக்குப் பின் வாகரைப் பக்கம் வெள்ளை ஜீப்புகளில் ஓடித் திரிந்துவிட்டுப் போன நிறுவனங்கள் விட்டுச்சென்ற பெட்டிகளை நீயும் நானும்தான் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஜீப்பிலும் லொறியிலும் ஓடுகிற ரேடியோக்களின் கை மைக் அவை. முறுக்கு வயர், கல்லு மாதிரி உடம்பு, மேலிருந்து போட்டாலும் உடையாது. நம் ஹாம் ரேடியோவோடு வருகிற மைக்கோ பப்படம். ஆனால் கொம்பனி மைக்கைக் கொண்டுவந்து அப்படியே சொருக முடியாது. பிளக் வேறு, கால்களின் ஒழுங்கு வேறு. உள்ளே இருக்கிற சின்ன அம்ப்ளிபயருக்கு ரேடியோவிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வேண்டும், அதை ஒரு றெசிஸ்டர் வழியாகக் கொடுக்க வேண்டும். அந்த மின்சாரம் பேச்சோடு கலந்து உள்ளே போகாமல் ஒரு கப்பாசிட்டர் வைக்க வேண்டும். பேச்சின் எர்த்தையும் பொத்தானின் எர்த்தையும் ஒன்றாக முறுக்கினால் பேசுகிறவனுக்குப் பின்னால் தேன்பூச்சி இரையும். இதெல்லாம் தெரியாமல் மூன்று வயரை முறுக்கி, மேலே ரேப் என்கிற ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டு “வேலை செய்யிதில்ல” என்று வருவார்கள். நான் வாங்கி, அவர்கள் கண்முன்னாலேயே ரேப்பைப் பிய்த்தெறிவேன். உனக்கு நினைவிருக்கும், அப்படிப் பிய்த்தெறிந்த ஒரு நாள் காத்தான்குடி ஹனீபா முகம் கறுத்துப் போனான். பிறகு நீதான் அவனைத் தெரு முனைவரை போய் விட்டுவிட்டு வந்தாய்.

கடைசிப் பெட்டியில் வந்த மைக்குகளில் ஒன்றை எனக்காக எடுத்தேன். உள்ளே வெள்ளை வயர் இரண்டு. முந்திய பெட்டிகளில் வந்தவற்றிலும் வெள்ளை இரண்டுதான். இரண்டும் பேசும் பொத்தானுக்குப் போகும், அதனால் இரண்டையும் சேர்த்து ஈயம் வைப்பேன். இருபது மைக்குக்கு மேல் அப்படிச் செய்திருக்கிறேன். எந்த வயர் எங்கே போகிறதென்று காட்டுகிற மீற்றரை நீ எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாய். “அப்பா, ஒருக்கா வச்சுப் பாப்பம். இது வேற மாடல் போல கிடக்கு” என்றாய். நான் என்ன சொன்னேன்? “மீற்றர் கண் தெரியாதவனுக்கு. எனக்கு நிறம் போதும்.” நீ மீற்றரை அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போனாய். அந்த நேரம் நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இருபத்தேழு வயது மகனை ஒரு சொல்லில் வாயடைக்க வைத்த சந்தோஷம். இதைவிட அற்பமான சந்தோஷம் ஒரு தகப்பனுக்கு வேறு கிடைக்காது.

அந்த மாடலில் இரண்டாவது வெள்ளை வயர் பொத்தானுக்குப் போகவில்லை. மைக்கின் முதுகில் இருக்கிற உலோகக் குமிழுக்குப் போனது. கொம்பனி ரேடியோவில் அந்தக் குமிழுக்கு ஒரு வேலை உண்டு: மைக்கை வாகனத்தின் இரும்புக் கொழுக்கியில் மாட்டியதும் அது எர்த்தைத் தொட்டு, மைக் இப்போது சும்மா தொங்குகிறது என்று ரேடியோவுக்குச் சொல்லும். நமக்கு அது தேவையில்லை. வெட்டி, முனையை மூடி, ஒதுக்கிவிட வேண்டிய வயர். நான் அதைப் பேசும் வயரோடு சேர்த்து ஈயம் வைத்துவிட்டேன். மேசையில் வைத்துச் சோதித்தபோது ஒரு பிழையும் தெரியவில்லை. கையில் பிடித்து அழுத்தினால் பேசியது, விட்டால் நின்றது. பிறகு அதன் சொந்தக் கொழுக்கியை ரேடியோ வைத்த இரும்பு ராக்கைத் தட்டில் ஸ்குரூ போட்டு இறுக்கினேன். அதாவது, மைக்கைக் கையில் வைத்திருக்கும்வரை நல்ல பிள்ளை. ஒழுங்காகக் கொழுக்கியில் மாட்டினால் அந்த நொடியிலிருந்து பொத்தானை அழுத்திப் பிடித்த மாதிரி, வீட்டில் கதைக்கிற அத்தனையும் வானத்துக்குப் போகும்.

மைக்கை ஒழுங்காக மாட்டுவதில் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியாதா? நீ மேசையில் வைத்துவிட்டுப் போனால் “தின்ற கோப்பைய அப்பிடியே விட்டுட்டு எழும்புற சாதி” என்று எத்தனை நாள் ஏசியிருப்பேன். நீ அன்றைக்கு வீட்டில் இருந்து, உன் பழக்கப்படி மேசையில் வைத்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. இன்னொன்று, மூன்று நிமிடம் தொடர்ந்து பேசினால் தானாக நின்றுவிடுகிற ஏற்பாடு நம் ரேடியோவில் இருந்தது. அதை நான் நிறுத்தி வைத்திருந்தேன். நான் எவ்வளவு நேரம் பேச வேண்டும் என்று ஒரு பெட்டியா தீர்மானிப்பது? பழுகாமத்து மனிசன், உன் மாமனாராக வரப்போகிறவர், குழுவில் ஒருநாள் பணிவாகத்தான் கேட்டார், “ஒரு அலைவரிசை அடைபட்டா மாறிப் போக இன்னொண்டக் குறிச்சு வைப்பமா?” என்று. “பாலம் உடையிறதுக்கு முன்னமே நீந்தப் பழகுற ஆக்கள் நீங்க” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அவரும் சிரித்தார். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒவ்வொரு மாரியிலும் பாலம் முங்குகிறதைப் பார்த்தே வளர்ந்த மனிசனிடம் அதைச் சொன்னேன்.

போன மாரியில் வெள்ளம் வந்தது. மின்சாரம் போய், ரெலிபோன் கோபுரங்களும் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. நீ கை ரேடியோவோடு பனிச்சங்கேணிப் பள்ளிக்கூடத்தில், இடம்பெயர்ந்து வந்த சனத்தோடு நின்றாய். வாழைச்சேனையில் ஒருவர் படகுக்காரரோடு. பழுகாமத்தார் தன் வீட்டில். ஹனீபா காத்தான்குடியில். நான் கல்லடியில், நாற்பது அடிக் குழாயின் உச்சியில் அன்ரனாவும் கீழே லொறி பற்றரியுமாக, எல்லோரையும் ஒழுங்குபடுத்துகிற நிலையம். காலை பத்து மணிபோல் எல்லோரிடமும் நிலைமை கேட்டு முடித்துவிட்டு, புது மைக்கை முதல் தடவையாக அதன் கொழுக்கியில் மாட்டினேன். கூரை ஒழுகியதால் ரேடியோவின் மேல் ஒரு உரப்பையை விரித்திருந்தேன். ரேடியோ பேசும்போது எரிகிற சிவப்பு விளக்கு அதற்குள் மறைந்துவிட்டது.

பேசுகிற ரேடியோ கேட்காது. அதனால் என் பெட்டியில் சத்தமே இல்லை. மூளையுள்ளவன் என்றால், இவ்வளவு நேரம் ஒருவரும் கூப்பிடவில்லையே, என் பெட்டியில் ஏதும் கோளாறோ என்று பார்த்திருப்பான். எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. எல்லோரும் நித்திரை என்று முடிவுகட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உன் அம்மாவிடம் ஒவ்வொருவராக எடுத்து உரித்தேன். “ஹனீபா புடவைக் கடையில முழம் போடுறாப்போலதான் ரேடியோவிலயும் கதைப்பான். ஒரு சொல்லுக்கு ஒம்பது சொல். இண்டைக்குத் தேவைப்படக்குள்ள ஆளக் காணல்ல.” பிறகு பழுகாமத்தார். “அந்த மனிசனுக்கு மைக்குப் புடிக்கிறதும் மண்வெட்டி புடிக்கிறதும் ஒண்டுதான்.” பிறகு நீ. “உங்கட மகன்ட கதையப் பாருங்க. பனிச்சங்கேணிக்குப் போய் ரெண்டு மணித்தியாலம், கேட்டதுக்கு ஓம் எண்டத விட ஒரு சத்தமில்ல. கடுதாசியில எழுதிக் குடுத்தாத்தான் வாய் துறப்பான் போல. இவனெல்லாம் கலியாணம் கட்டி என்னத்தக் கிழிக்கப் போறான்? மாமன்ட வயல் வட்டைக்குள்ள கொக்கு விரட்டத்தான் சரி.” உன் அம்மா அழாக்குறையாகச் சொன்னாள், “ஏன் மனிசன், புள்ள தண்ணிக்குள்ள நிக்கக்குள்ள இப்பிடிக் கதைக்கிறீங்க? வாய்க்கு ஒரு பூட்டு இல்லையா?” எனக்குப் பூட்டு இல்லை. இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாம் எனக்கு நினைவில்லை.

நாற்பது நிமிடத்துக்குப் பிறகு கேற்றை யாரோ உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். போய்ப் பார்த்தால் ஹனீபா. மோட்டார் சைக்கிள் எங்கேயோ தண்ணீரில் நின்றுவிட, இடுப்பளவு நனைந்து நடந்து வந்திருக்கிறான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு, “என்ன ஹனீபா, இந்த வெள்ளத்துக்குள்ள?” என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “முழம் போட வரல்ல அண்ணன். உங்கட மைக்கு தொறந்து கெடக்கு. மொதல்ல அதக் கழட்டுங்க” என்றான். முழம் என்று நான் சொன்னது உன் அம்மாவிடம் மட்டும்தான். உள்ளே ஓடி உரப்பையைத் தூக்கினேன். விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பெட்டி கை வைக்க முடியாத சூடு. மைக்கைக் கொழுக்கியிலிருந்து எடுத்த உடனே பத்துக் குரல் ஒன்றாக உள்ளே விழுந்தது. அதில் உன்னுடைய குரல் இல்லை.

ஏன் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு நேரத்துக்கு முந்தி நோவு கண்டிருக்கிறது. தலைப்பிள்ளை. வாழைச்சேனையில் நின்ற படகைக் கூப்பிட வேண்டும். நீ உன் சின்னக் கை ரேடியோவில் கூப்பிடக் கூப்பிட, எல்லோர் பெட்டியிலும் உன்னை மிதித்துக்கொண்டு என் குரல்தான் கேட்டிருக்கிறது. உன்னைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அரை மணித்தியாலம் நீ மேசையில் ஏறியும், மதிலில் ஏறியும் முயற்சித்திருக்கிறாய். மாறிப் போக இன்னொரு அலைவரிசையும் இல்லை. கடைசியில் ரேடியோவை இடுப்பில் சொருகிவிட்டு, நாலு பேரோடு அந்தப் பெண்ணைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி, உழவு மெசின் பெட்டியில் ஏற்றி, மேலே பொலித்தீன் பிடித்துக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போனீர்கள். பாதி வழியில், மழைக்குள், கூட வந்த, பிரசவம் பார்க்கிற குடும்பநல மாதுவின் கையில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அந்த மாதுவும், மெசின் ஓட்டியவனும், நீயும் காரணம். நான் காரணம் ஆகியிருக்க வேண்டியது வேறு ஒன்றுக்கு. அதை எழுத என் கை வரவில்லை.

தண்ணீர் வற்றிய பிறகு கூட்டம். அந்த உத்தியோகத்தர் வந்திருந்தார். அவர் அன்றைக்கு ரேடியோ கேட்டவரில்லை, யாரோ எழுதிக் கொடுத்த தாளோடு வந்தவர். “நாற்பது நிமிடம் அலைவரிசை அடைபட்டிருக்கிறது. மைக்கைப் பிழையாக வயர் பண்ணியது யார்?” என்று கேட்டார். குழு முழுவதும் தரையைப் பார்த்தது. என் கையில் பிளேன்ரீக் கோப்பை. வாயைத் திறக்கத்தான் இருந்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன், பொய். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். மீற்றரை வேண்டாமென்ற கதை வெளியே வந்தால், நான் ரேப்பைப் பிய்த்தெறிந்த ஒவ்வொருவனும் என்னைப் பார்த்துச் சிரிப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது நீ எழும்பினாய். “நான்தான் சேர். வயர மாத்திப் புடிச்சிட்டன்” என்றாய். அவர் எழுதிக்கொண்டார். அவசர காலத்தில் ரேடியோவில் இருக்கக் கூடியவர்களின் பட்டியலிலிருந்து உன் பெயர் வெட்டுப்பட்டது. என் பெயர் முதலாவதாக அப்படியே நின்றது. நான் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். இனிப்புக் கூட என்றுகூட யாரிடமோ சொன்னேன்.

இதோடு நின்றிருந்தாலும் என்னைக் கோழை என்று சொல்லி முடித்துவிடலாம். நான் அதற்குக் கீழேயும் போனேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்தாறுமூலையிலிருந்து ஒருவர் மைக் மாற்ற வந்தார். குழுவில் இல்லாதவர், அன்றைய கதையை அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தார். “உங்கட மகன்தானே அந்த வயர் வேல செஞ்ச?” என்று கேட்டார். நீ பக்கத்து அறையில் இருந்தாய், எனக்குத் தெரியும். “ஓம், அவன்ட கை அப்பிடித்தான். பொறுமை இல்ல” என்றேன். சொல்லிவிட்டு அவருடைய மைக்கில் இருந்த வெள்ளை வயரை மீற்றர் வைத்துச் சோதித்தேன். அன்றிலிருந்து நான் மீற்றர் இல்லாமல் ஒரு வயரையும் தொடுவதில்லை. உன்னிடமிருந்து படித்ததை வைத்துக்கொண்டே உன்னைப் பழித்தேன். நீ அறையிலிருந்து வெளியே வந்து, அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். இரண்டு கிழமைக்குப் பிறகு உன் கை ரேடியோவைத் துடைத்து, பெட்டியில் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாய். நான் ஏனென்று கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்தும் பழுகாமத்தார் உனக்குப் பெண் கொடுக்கிறேன் என்று வந்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஏமாளி மனிசன், பொடியன்ட பிழையப் பெருசா எடுக்கல்ல, நல்ல காலம் என்று நினைத்தேன். அந்த மனிசனை அப்போதும் இளக்காரமாகத்தான் பார்த்தேன். கலியாணம் கிட்டக் கிட்டத்தான் எனக்கு உறைக்கத் தொடங்கியது. மருமகனாக நீ அந்த வீட்டில் சாப்பிட உட்காரும் ஒவ்வொரு நாளும், இவன்தான் அந்த மைக்கை வயர் பண்ணியவன் என்று அவர் நினைப்பாரே என்று அரித்தது. முந்தாநாள் பின்னேரம் பட்டிருப்புப் பாலத்தால் பழுகாமத்துக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை, உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை.

அவர் முற்றத்தில் பந்தலுக்கு வந்த கமுக மரங்களைச் சீவிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டுக் கதிரை எடுத்துப் போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். “மச்சான், அந்த மைக்க வயர் பண்ணினது மகன் இல்ல. நான்.” சொல்லிவிட்டு, அவர் திகைப்பார், கோபப்படுவார், ஏன் இவ்வளவு நாள் மறைத்தாய் என்று கேட்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே பார்த்து, “புள்ளே, மாமாக்குத் தேத்தண்ணி கொண்டு வா” என்று குரல் கொடுத்தார். பிறகு மெதுவாக, “தெரியும் மச்சான்” என்றார்.

“ஆர் சொன்ன?”

“நீங்கதான். அண்டைக்கு மைக்கு தொறந்து கிடக்கக்குள்ள நீங்கதானே மச்சாளிட்டச் சொன்னீங்க. இந்த மைக்க நான் ஒருத்தன்தான் செஞ்சன், மகன் மீற்றரத் தூக்கிட்டு வந்தவன், கிட்டயும் எடுக்கல்ல எண்டு. நாங்க பதினொரு பேரும் கேட்டம். உங்கட மகன் தம்பியும் கேட்டிருப்பார்.”

மச்சாள் என்று அவர் சொன்னது உன் அம்மாவை. எனக்கு வெட்கம் வராமல் பார்த்துக்கொள்ள, மனிசன் அதைக் குரல் உயர்த்தாமலே சொன்னார். அவர் போட்ட கதிரையில் உட்கார்ந்தேன். இத்தனை மாதம் ஒவ்வொரு ஞாயிறும் நான் ரேடியோவில் எல்லோருக்கும் பாடம் எடுத்திருக்கிறேன். அத்தனை பேரும் தெரிந்துகொண்டே “ஓம் அண்ணன், சரி அண்ணன்” என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். “அப்ப கூட்டத்தில ஏன் மச்சான் ஒருத்தரும் வாய் துறக்கல்ல?” என்று கேட்டேன். “பெத்த புள்ள எழும்பி நான்தான் எண்டு சொல்லுது. தகப்பன் பக்கத்தில இரிக்கார். நாங்க என்னத்தச் சொல்லுற?” என்றார்.

தேத்தண்ணி வந்தது. உனக்கு வரப்போகிறவள்தான் கொண்டு வந்தாள். நான் அதைக் கையில் எடுக்கவில்லை. அவர் கமுக மரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். “கூட்டம் முடிஞ்சு போகக்குள்ள நான் தம்பியக் கேட்டன் மச்சான். எல்லாருக்கும் தெரிஞ்ச விசயத்தில ஏன் மனே பொய் சொன்ன எண்டு. அந்த உத்தியோகத்தருக்கு முன்னால நான் எழும்பினா அப்பாவும் எழும்பி, இல்ல சேர் நான்தான் எண்டு சொல்லுவார் எண்டு நினச்சன் மாமா எண்டார். அண்டைக்குத்தான் மகளக் குடுக்கிற எண்டு முடிவெடுத்தன்.”

மகனே, நீ என்னை மறைக்க எழும்பினாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீ எனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். நான் தேத்தண்ணியில் இனிப்புக் கூட என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரிலுள்ள மூடர்களையெல்லாம் எண்ணி வைத்திருந்தவன், அந்த எண்ணிக்கையில் முதலாவது ஆளை விட்டுவிட்டேன்.

புத்திமதி சொல்வேன் என்றேன். உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பெண் வீட்டில் மேசையில் மைக்கை வை, தரையில் வை, எங்கே வேண்டுமானாலும் வை. அந்த மனிசன் சொல்வதைக் கேள். அவர் என்னைவிட நல்ல தகப்பன்.

உத்தியோகத்தருக்கு எழுதியதில் உன் பெயரைத் திரும்பச் சேர்த்து, என் பெயரை வெட்டச் சொல்லியிருக்கிறேன். தாள் மட்டும் போதாது, எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு முந்தி வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு, எல்லோரும் வழக்கம்போல் கூடுகிற நேரத்தில், நானே ரேடியோவில் சொல்வேன். மீற்றரை வேண்டாமென்றதிலிருந்து, வந்தாறுமூலை மனிசனிடம் உன்னைப் பழித்ததுவரை முழுவதையும் சொல்வேன். இடையில் நிற்பேன், திக்குவேன். அலுமாரியில் இருக்கிற உன் ரேடியோவை எடுத்து நீயும் கேள். ஆனால் உனக்கு என் மேல் ஒரு சொட்டு அன்பாவது மிச்சம் இருந்தால், நான் நிற்கிற இடத்தில் குறுக்கே வராதே, அப்பா சொல்றது சரியில்ல என்று ஆரம்பிக்காதே. இந்த முறை என்னைக் காப்பாற்றாதே, மனே.

உன் அப்பா